விண்வெளிச் சோகை

விண்வெளிச் சோகை என்பது விண்வெளிப் பயணத்தின்போது செங்குருதியணுக்கள் வழக்கத்தைவிட மிகுதியாகச் சிதைவதால் மனிதருக்கு உண்டாகும் குருதிச்சோகை ஆகும். பயணத்தின்போது நோயெதிர்ப்பு ஆற்றலும் குன்றுகிறது.

குருதியில் மாற்றங்கள்

எடையற்ற நிலையில் கால்களிலுள்ள நீர்மம் மார்புக்கும் தலைக்கும் ஏறுகிறது. குருதி மிகுந்துவிட்டதாக "எண்ணி" உடல் அதன் நீர்மப் பகுதியைக் (பிளாசுமா) குறைத்துக்கொள்கிறது. அதற்கு ஈடாக முதல் 10 நாட்களில் சுமார் 10% செவ்வணுக்கள் அழிந்து, பின்னர் நிலை சீராகிவிடும் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது.

கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கை துருடெல் குழுவினர் 2022 இல் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை மாற்றியது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் ஆறு மாதம் தங்கிய 14 வீரர்களின் மூச்சுக்காற்றில் உள்ள கார்பன் மோனாக்சைடை அவர்கள் அளந்தனர். செவ்வணுவின் நிறமியான ஹீம் மூலக்கூறு ஒன்று சிதைந்தால் இவ்வளிமத்தின் மூலக்கூறு ஒன்று வெளிப்படும். எனவே மூச்சே கணக்குப் புத்தகம் ஆகிறது. புவியில் நொடிக்கு 20 இலட்சம் செவ்வணுக்கள் அழிந்து புதிதாகின்றன. விண்ணில் அது 30 இலட்சம். இவ்வழிவு பயணம் முடியும்வரை நீடித்தது. திரும்பி ஓராண்டு கழிந்தும் 30% மிகுதியாகவே இருந்தது.

மேலே மிதக்கும்போது இக்குறை உணரப்படுவதில்லை. ஈர்ப்புக்குத் திரும்பி நீர்மம் மீண்டும் நிரம்பும்போதுதான் குருதி நீர்த்துப்போகிறது. தரையிறங்கிய அன்று சோதிக்கப்பட்ட 13 பேரில் 5 பேருக்குச் சோகை இருந்தது. தஞ்சாவூர்ப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துச் சரிசெய்யப்படும் சோகை வேறு, இது வேறு. அங்கு இரும்பு போதாமல் அணு உருவாக்கம் குறைகிறது. இங்கு உருவானவை அழிகின்றன, சிதைந்த அணுக்களின் இரும்பு உடலிலேயே தங்குகிறது.

நோயெதிர்ப்பு

1983 இல் ஸ்பேஸ்லேப்-1 ஆய்வுகூடத்தில் வளர்க்கப்பட்ட நிணநீர் அணுக்கள், தூண்டப்பட்டபோதும் மிகக் குறைவாகவே பெருகின. உடலில் உறங்கும் அக்கி வகைத் தீநுண்மிகள் (வைரசுகள்) மீண்டும் விழிப்பதும் அறியப்பட்டுள்ளது. 2019 இல் வெளியான ஒரு தொகுப்பின்படி, பன்னாட்டு நிலையத்தில் தங்கிய 23 பேரில் 14 பேரின் உடலிலிருந்து இவை வெளிப்பட்டன. பெரும்பாலோருக்கு நோய்க்குறி தோன்றவில்லை. அப்பல்லோ 13 பயணத்தில் (1970) பிரெட் ஹெய்சு சிறுநீர்த் தொற்றால் காய்ச்சலுற்றார். அப்பல்லோ 14 முதல் வீரர்கள் புறப்படுமுன் தனிமைப்படுத்தப்பட்டனர்.

இந்திய வீரர்கள்

ராகேஷ் சர்மா ஏப்ரல் 3, 1984 இல் புறப்பட்டு, ஏறத்தாழ 8 நாட்கள் விண்ணில் இருந்தார். சுபான்சு சுக்லா 2025 இல் 20 நாட்கள் இருந்தார். அவர் மேற்கொண்ட ஆய்வுகளுள் ஒன்று தசை உயிரணுக்கள் பற்றியது. ககன்யான் திட்டத்துக்கு 2024 இல் அறிவிக்கப்பட்ட நால்வருள் சுக்லாவும், சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணனும் அடங்குவர். அத்திட்டத்தின் முதற்பயணம் மூன்று நாட்கள் என வகுக்கப்பட்டுள்ளது. நீர்மம் மேலேறவும் பிளாசுமா குறையவும் அந்நாட்களே போதும்.