மாங்காய்ப் பணமும் பெங்களூர் ரேஸும்

எங்கள் வேப்பனப்பள்ளிப் பக்கம் மே, ஜூன், ஜூலை மூன்றும் மாங்காய் மாதங்கள். செந்தூரா முதலில் இறங்கும், கடைசியில் பெங்களூரா. வருடம் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கும் குடும்பத்திலும் அப்போது கொஞ்சம் நோட்டு புரளும். பெங்களூர் குதிரைப் பந்தயத்தின் கோடைப் பருவமும் ஏறக்குறைய அதே மாதங்களில்தான். இரண்டும் ஒன்றாக வருவது தற்செயல். ஆனால் எங்கள் சித்தப்பாவின் இரண்டரை ஏக்கர் மாந்தோப்பு அந்தத் தற்செயலில்தான் போயிற்று.

சித்தப்பா குடிக்க மாட்டார், சீட்டு ஆட மாட்டார். சனிக்கிழமை விடிந்ததும் வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் பென்சிலோடு கிருஷ்ணகிரி பஸ் ஏறுவார். அங்கிருந்து ஓசூர் வழியாகப் பெங்களூர். ரேஸ் புத்தகத்தை வாரம் முழுக்கப் படிப்பார். எந்தக் குதிரைக்கு எவ்வளவு எடை, போன முறை எத்தனையாவது வந்தது, தூரம் 1200 மீட்டரா 1600 மீட்டரா, ஜாக்கி யார் என்று ஓரத்தில் எழுதி வைப்பார். நன்றாக ஓடும் குதிரைக்கு எடை கூட்டுவார்கள், சுமாரானதற்குக் குறைப்பார்கள். எல்லாவற்றையும் சமமாக்கத்தான் அந்த ஏற்பாடு. அதை எனக்கு விளக்கிவிட்டு, "டேய், இது சூதாட்டம் இல்லடா, கணக்கு" என்பார்.

அந்த வார்த்தை என் மனதில் தங்கிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு இதன் வரலாற்றைத் தேடிப் படித்ததும் அதனால்தான்.

குதிரை நம் பகுதிக்குப் புதிதல்ல. ஹைதர் அலி பிறந்த பூதிக்கோட்டை எங்கள் ஊருக்கு எல்லை தாண்டி, அதிக தூரமில்லை. குதிரைப்படையால் உயர்ந்த மனிதர் அவர். மைசூர் வீழ்ந்த பின், 19ஆம் நூற்றாண்டில், ஓசூரை அடுத்த மத்திகிரியில் மதராஸ் ராணுவத்துக்குக் குதிரைகளைப் பழக்கும் பண்ணை இருந்தது. இன்று அது கால்நடைப் பண்ணை. ஆனால் இவை போருக்கான குதிரைகள். பந்தயத்தில் ஓடும் தரோபிரெட் வேறு சாதி. கிழக்கிலிருந்து இங்கிலாந்துக்குப் போன மூன்று ஆண் குதிரைகளின் வழிவந்தவை அவை. அவற்றின் வம்சப் பதிவேடு 1791இல் அங்கே தொடங்கியது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்தவன் நான். நம்மில் பலருக்குத் தாத்தாவின் அப்பா பெயர் தெரியாது, அந்தக் குதிரைகளுக்கு இருநூறு வருடத்துக்கு மேல் வில்லங்கச் சான்று இருக்கிறது!

கோடையில் பந்தயம் என்பது வெள்ளைக்காரர் வெயிலுக்குப் பயந்ததில் வந்தது. மதராஸ் அரசாங்கமே கோடையில் ஊட்டிக்கு இடம்பெயரும், பின்னாலேயே குதிரைகளும் போகும். நாடு விடுதலையடைந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஏப்ரல் 14 வாக்கில் ஊட்டிப் பந்தயம் தொடங்குவதும், மே மாதம் நீலகிரி டெர்பி நடப்பதும் 2024 வரை வழக்கமாக இருந்தது. ஊட்டி பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே மைதானம் இருந்தது. கல்யாணமான புதிதில் நானும் என் மனைவியும் டிக்கெட் வாங்காமல் சாலையில் நின்றே பார்த்தோம். குதிரைகள் வளைவில் திரும்பும்போது எழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அழகான மிருகம் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை.

1974இல் தி.மு.க. அரசு குதிரைப் பந்தயத்தையும் அதில் பணம் கட்டுவதையும் ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. எங்கள் ஊர் டீக்கடையில் "கலைஞர் ரேஸை ஒழிச்சிட்டாரு, இனி ரேஸ்னா பெங்களூர்தான்" என்று பேசிக்கொண்டார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நம்பினேன். படித்த பிறகுதான் தெரிந்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் இடைக்காலத் தடை கிடைத்து, கிண்டியிலும் ஊட்டியிலும் குதிரைகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. 1986இல் எம்.ஜி.ஆர். அரசு மெட்ராஸ் ரேஸ் கிளப்பையே எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் போட்டது. கடைசியில் 1996 ஜனவரி 12 அன்று கே.ஆர். லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் திறமை, இவற்றை ஆராய்ந்து பணம் கட்டுபவரின் அறிவு எல்லாம் சேர்ந்ததால் இது திறமை விளையாட்டு, சூதாட்டம் அல்ல என்றார்கள். 1986 சட்டம் செல்லாது என்றும் சொன்னார்கள்.

சித்தப்பா சொன்னதையே உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது! ஆனால் அதைக் கேட்க அவர் உயிரோடு இல்லை.

தீர்ப்பில் தவறு காண எனக்குத் தகுதியில்லை. திறமை இருக்கிறது, உண்மைதான். ஆனால் டோட் எனப்படும் முறையைப் பாருங்கள். எல்லோரும் கட்டும் பணம் ஒரு தொட்டியில் விழும். முதலில் கிளப்பின் பங்கும் வரியும் எடுப்பார்கள், மீதியை ஜெயித்தவர்கள் பிரித்துக்கொள்வார்கள். குதிரை எவ்வளவு வேகமாக ஓடினாலும், கூட்டத்தை மொத்தமாகக் கணக்குப் பார்த்தால் போட்டது முழுதும் திரும்பாது. ஒருவர் ஜெயிக்க வேண்டுமென்றால் பக்கத்தில் நிற்பவரைவிட நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். லாயத்தில் வாழ்பவருக்கும், வாரம் ஒரு நாள் பஸ்ஸில் போகும் மாந்தோப்புக்காரருக்கும் நடக்கும் போட்டி அது.

இன்னொன்றும் உண்டு. லாட்டரிச் சீட்டு வாங்கியவன் தோற்றால் அதிர்ஷ்டம் இல்லை என்று விட்டுவிட முடியும். ரேஸில் தோற்றவனுக்குக் கணக்கில் எங்கோ தப்பு என்றுதான் தோன்றும். அடுத்த சனிக்கிழமை திருத்தப் போவான். திறமை என்ற அந்த எண்ணம்தான் சித்தப்பாவை விடவில்லை.

மாங்காயைப் பூவிலேயே விற்று முன்பணம் வாங்க ஆரம்பித்தார். பிறகு 1981இல் தோப்பையே விற்றார். அப்போதெல்லாம் பத்திரங்களைப் பதிவேட்டில் கையால் நகல் எழுதுவோம். அவருடைய கிரயப் பத்திரத்தை எழுதியவன் நான்தான். "குடும்பச் செலவுக்காகவும் சில்லறைக் கடன்களைத் தீர்க்கும் பொருட்டும்" என்று வழக்கமான வரி இருந்தது. அந்த வரியை நூற்றுக்கணக்கான பத்திரங்களில் எழுதியிருக்கிறேன். அன்றுதான் கை நின்றது. எத்தனை பத்திரங்களில் அந்த வரிக்குப் பின்னால் ஒரு சனிக்கிழமை பஸ் இருந்ததோ!

2024 ஜூனில் ஊட்டி மைதானத்தின் 52 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை, குத்தகை பாக்கி 822 கோடி ரூபாய் என்று சொல்லி, அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. அதே மாதம் பெங்களூர் கோடைப் பந்தயமும் உரிமப் பிரச்சினையில் நீதிமன்றம் போய் நின்றது. பெங்களூரில் பிறகு குதிரைகள் ஓடின. செய்தியைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியும் இல்லை, வருத்தமும் இல்லை. குதிரைக்காரர்களையும் லாயத் தொழிலாளிகளையும் நினைத்துக் கொஞ்சம் சங்கடம்.

2025 வரை எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் இளைஞர்கள் கைபேசியில் ரம்மி ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்த நிறுவனங்கள் நீதிமன்றத்தில் எடுத்துக் காட்டியதும் 1996 தீர்ப்பைத்தான். ஒரு பையனிடம் கேட்டேன். "இது திறமை விளையாட்டு தாத்தா, சூதாட்டம் இல்ல" என்றான்.

அவனிடம் சித்தப்பா தோப்பைக் காட்டலாம் என்று நினைத்தேன். இப்போது வேறொருவர் பெயரில் இருக்கிறது. இந்த வருடமும் பெங்களூரா நன்றாகக் காய்த்திருக்கிறது.