படைவீட்டுக் கல்வெட்டும் நம் திருமணச் செலவும்

திருவண்ணாமலையிலிருந்து வடக்கே போளூரைக் கடந்து சென்றால், சவ்வாது மலையின் அடிவாரத்தில் படைவீடு என்னும் ஊர் உள்ளது. மக்கள் வழக்கில் அது படவேடு. இன்று சிற்றூராய்க் காட்சி தரும் இவ்வூர், பதினான்காம் நூற்றாண்டில் சம்புவராயர்களின் தலைநகராய் விளங்கியது. பின்னர் விசயநகரப் பேரரசின் கீழ் அதனைச் சூழ்ந்த நாடு ‘படைவீட்டு இராச்சியம்’ என்று பெயர் பெற்றது. இந்த இராச்சியத்தில் வாழ்ந்த ஒரு சமூகத்தார், திருமணத்தில் பொன் கைமாறுவதை நிறுத்த வேண்டுமென்று ஒன்றுகூடி உடன்படிக்கை எழுதினர். அதனைக் கல்லிலும் வெட்டுவித்தனர். நம் இல்லங்களில் திருமணச் செலவு பற்றிய கவலை நீங்காதிருக்கும் இக்காலத்தில், அந்தக் கல் நமக்குச் சொல்வது யாது என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வேலூருக்கு மேற்கே பாலாற்றங்கரையில் உள்ள விரிஞ்சிபுரத்துக் கோயிலின் முன்கோபுரத்தின் உட்புறத்தில் அக்கல்வெட்டு இருக்கிறது. அறிஞர் ஹுல்ட்ஸ் 1890-இல் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் 56-ஆம் எண்ணாக அது அச்சேறியுள்ளது. அதன் காலம் சக ஆண்டு 1347. கிறித்தவக் கணக்கில் 1425-26. அப்போது ஆட்சியில் இருந்தவர் இரண்டாம் தேவராயர். முஸ்லிம் வீரர்களைத் தம் படையில் சேர்த்து, அவர்களுக்குப் பள்ளிவாசல் அமைத்துக் கொடுத்து, திருக்குர்ஆனைத் தம் அரியணைக்கு முன் வைத்திருந்தார் என்று வரலாற்றாசிரியர் பெரிஷ்தா எழுதும் மன்னர் இவரே.

உடன்படிக்கை செய்தவர்கள் படைவீட்டு இராச்சியத்துப் பிராமணர்கள். கன்னடியர், தமிழர், தெலுங்கர், இலாளர் என மொழியாலும் நாட்டாலும் வேறுபட்ட பிரிவினர் அனைவரும் அதில் ஒன்றுபட்டனர். இனித் தம்முள் நடக்கும் திருமணங்கள் கன்னிகாதானமாகவே, அதாவது பொருள் எதுவும் பெறாமல் பெண்ணைக் கொடுப்பதாகவே நடைபெற வேண்டும் என்பது அவர்கள் செய்த முடிவு. பொன் வாங்கிக்கொண்டு பெண் கொடுப்பவனும், பொன் கொடுத்துப் பெண் கொள்பவனும் அரச தண்டனைக்கு உரியவர்; தம் சமூகத்திலிருந்தும் விலக்கப்படுவர். இதற்கு உடன்பட்டு அப்பிரிவுகளின் சார்பாளர்கள் கையெழுத்திட்டனர்.

இதில் மூன்று செய்திகள் கருதத்தக்கவை.

முதலாவது, அன்று பொன் சென்ற திசை. மணமகன் வீட்டிலிருந்து பெண்ணின் தந்தைக்கு அது சென்றது. இன்றோ பெண்ணின் தந்தையிடமிருந்து மணமகன் வீட்டிற்குச் செல்கிறது. ஆகவே ‘காலங்காலமாக இருந்துவரும் வழக்கம்’ என்று கூறி வரதட்சணைக்கு நியாயம் தேடுவோர், இதே மண்ணில் அந்த வழக்கம் தலைகீழாய் இருந்ததென்பதை அறிதல் வேண்டும்.

இரண்டாவது, கொடுத்தவனையும் வாங்கியவனையும் ஒருசேரக் குற்றவாளிகளாக அக்கல் நிறுத்துகிறது. இந்திய அரசு 1961-இல் இயற்றிய வரதட்சணைத் தடைச் சட்டமும் இவ்வாறே இருவரையும் குற்றவாளிகளாக்கியது. அதற்கு முதலில் விதித்த ஆறு மாதச் சிறை, 1986-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஐந்தாண்டுக்குக் குறையாத சிறையாக உயர்ந்தது. முஸ்லிம்களின் மஹர் வரதட்சணை ஆகாது என்றும் அச்சட்டம் தெளிவாகக் கூறி விலக்களித்துள்ளது.

மூன்றாவதே மிக முக்கியமானது. அந்த முடிவை ஒரு தந்தை தனியே எடுக்கவில்லை. ஒரு குடும்பமும் எடுக்கவில்லை. இராச்சியம் முழுவதும் பரவியிருந்த சமூகத்தார் கூடி எடுத்தனர். தனியொருவன் பொன் தர மறுத்தால் அவனுக்குப் பெண் கிடைக்காமல் போகலாம். அனைவரும் சேர்ந்து மறுத்தாலோ யாருக்கும் இழப்பில்லை. இந்த உண்மையை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

இங்கு என் நினைவுக்கு வரும் நிகழ்ச்சி ஒன்றைச் சொல்ல வேண்டும். திருவண்ணாமலையில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தும், நிக்காஹ் தப்தர் எழுதியும் வரும் என்னிடம், சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவர் தம் மூத்த மகளின் திருமணத்திற்காகத் தாம் எழுதிய செலவுக் கணக்கைக் கொண்டுவந்து காட்டினார். மிகச் செம்மையான கணக்கு அது. நகைக்கு இவ்வளவு, துணிமணிக்கு இவ்வளவு, விருந்துக்கு இவ்வளவு என்று பிரித்து, மொத்தம் இரண்டு இலட்சம் என எழுதி, அடியில் கோடும் இட்டிருந்தார். பத்தாண்டுச் சேமிப்பு அது. கடன் ஒரு காசு கிடையாது. “இந்தக் கோட்டைத் தாண்ட மாட்டேன், ஹஜ்ரத்” என்றார்.

தாண்டினார். மணமகன் வீட்டார் வீட்டு முற்றம் போதாது, மண்டபம் வேண்டும் என்றனர். எங்கள் பக்கத்தில் முந்நூறு பேர் வருவர் என்றனர். அழைப்பிதழ் கிடைக்கவில்லையென்று உறவினர் சிலர் முகம் திருப்பினர். மாப்பிள்ளைக்கு வண்டி வாங்கித் தருவது ஊர் வழக்கம் என்று பெரியவர் ஒருவர் நினைவூட்டினார். இறுதியில் செலவு நான்கு இலட்சத்தைத் தொட்டது. வீட்டுப் பத்திரம் வட்டிக்காரரின் பெட்டிக்குள் சென்றது. வட்டியை ஹராமாக்கிய மார்க்கத்தின் பெயரால் நடந்த திருமணம், வட்டியில் முடிந்தது.

அந்த நிக்காஹின் தப்தரை எழுதியவன் நானே. மஹர் எவ்வளவு என்று கேட்டேன். “நூற்றொரு ரூபாய்” என்றார்கள். நானும் எழுதினேன். நான்கு இலட்சம் செலவான திருமணத்தில் சிக்கனம் கடைப்பிடித்த ஒரே இடம், அல்லாஹ் அந்தப் பெண்ணுக்கென்று கட்டளையிட்ட உரிமைதான்! அன்று வாய் திறவாமல் எழுதிய என் எழுதுகோலும் இதற்குப் பொறுப்புடையதே என்று இன்று உணர்கிறேன்.

நம் முன்னோர் திருமணச் செலவை எவ்வாறு வகுத்தனர் என்று இனி நோக்குவோம். பெருமானார் (ஸல்) அவர்கள் தம் துணைவியருக்குக் கொடுத்த மஹர் பன்னிரண்டரை ஊக்கியா என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஓர் ஊக்கியா நாற்பது திர்ஹம். ஆகவே மொத்தம் ஐந்நூறு திர்ஹம். இன்றைய நிறையில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ வெள்ளி. நூற்றொரு ரூபாய்க்கு இன்று இரண்டு கிராம் வெள்ளியும் வாராது. அன்னை பாத்திமா (ரலி) அவர்களை மணமுடிக்க அலீ (ரலி) அவர்கள் விரும்பியபோது, அவரிடம் கொடுப்பதற்கு ஏதும் இல்லை. அவருடைய போர்க்கவசம் எங்கே என்று அண்ணலார் வினவினார்கள், அதுவே மஹராயிற்று. ஏழையாயினும் மஹரைத் தள்ளவில்லை. தம்மிடமிருந்த மதிப்புள்ள பொருளையே கொடுத்தார் என்பதை இங்கு கவனிக்க வேண்டும்.

விருந்தின் நிலையோ வேறு. ஹிஜ்ரி ஏழாம் ஆண்டில் கைபரிலிருந்து திரும்பும் வழியில் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களின் திருமண விருந்து நடைபெற்றது. ரொட்டி இல்லை, இறைச்சி இல்லை. தோல் விரிப்புகளை விரித்து, அவரவரிடம் இருந்ததைக் கொண்டுவரச் சொன்னார்கள். பேரீச்சம்பழமும் உலர்ந்த தயிர்க்கட்டியும் நெய்யும் சேர்ந்து ஒரு வலீமா ஆயிற்று.

அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களின் வரலாறு இதனினும் சிறந்த பாடம். மக்காவிலிருந்து வெறுங்கையுடன் மதீனா வந்தவர் அவர். தம் செல்வத்தில் பாதியைத் தருவதாக அன்ஸாரித் தோழர் ஸஅத் பின் ரபீஉ (ரலி) கூறியும் ஏற்காமல், கடைவீதிக்கு வழி கேட்டு, தயிர்க்கட்டியும் நெய்யும் விற்றுப் பொருளீட்டினார். சில நாட்களுக்குப் பின் அவர் மேனியில் மணப்பூச்சின் மஞ்சள் கறையைக் கண்ட நபிகளார் காரணம் கேட்டார்கள். மணம் முடித்ததாக அவர் சொன்னார். பேரீச்சங்கொட்டை எடையளவு பொன்னை மஹராகக் கொடுத்திருந்தார். ஓர் ஆட்டையேனும் அறுத்து விருந்தளிக்குமாறு அண்ணலார் பணித்தார்கள்.

இதனைப் பன்முறை பாடம் நடத்தியும், இதிலுள்ள ஒரு நுட்பம் என் கருத்தில் வெகுகாலம் படவில்லை. தம் நெருங்கிய தோழரின் திருமணம் நடந்து முடிந்த செய்தியே பெருமானாருக்குப் பின்னர்தான் தெரிகிறது! அழைக்கவில்லையே என்ற வருத்தம் அவர்களிடம் இல்லை. அழைக்கத் தவறினோமே என்ற அச்சம் இவரிடமும் இல்லை. இன்று நம் செலவுப் பட்டியலைப் பெருக்குவது உணவின் விலை மட்டுமன்று. அழைப்பில்லையென்று யார் கோபிப்பாரோ என்ற அச்சமே ஐம்பது பேர் விருந்தை ஐந்நூறு பேர் விருந்தாக்குகிறது. அச்சபை அந்த அச்சத்தைத் தன் உறுப்பினருக்குக் கொடுக்கவில்லை. எனவே ஏழைக்கும் அங்கே திருமணம் எளிதாயிற்று.

இதற்கு மாறான காட்சியும் நம் வரலாற்றில் உண்டு. ஹிஜ்ரி 210-இல், அதாவது 825-இல், அப்பாஸியக் கலீபா மாமூன், ஹஸன் பின் ஸஹ்லின் மகள் பூரானை மணந்தார். விருந்தினர்மீது கஸ்தூரி உருண்டைகள் வீசப்பட்டன. ஒவ்வோர் உருண்டையிலும் ஒரு சீட்டு. அதில் ஒரு நிலத்தின் பெயரோ குதிரையின் பெயரோ எழுதியிருக்கும். எடுத்தவருக்கு அது சொந்தம். பெண்வீட்டார் செலவிட்டது ஐந்து கோடி திர்ஹம் என்று வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். பின்னர் மாமூன் பாரசீக நாட்டு வரிப் பணத்திலிருந்து ஒரு கோடி திர்ஹத்தை மாமனாருக்கு வழங்கச் செய்தார். எங்கோ உழுதவன் கட்டிய வரி ஒரு கல்யாணத்திற்கு ஈடு செய்தது. கலீபாவுக்கு வரிப்பணம் இருந்தது. திருவண்ணாமலையில் கடை வைத்துப் பிழைக்கும் தந்தைக்கு என்ன இருக்கிறது? வீட்டுப் பத்திரம் ஒன்றுதான்.

செலவுக்கு வரம்பு கட்டலாமா என்ற வினாவும் நம்மிடையே பழையதே. உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சியில், மஹரில் எல்லை மீற வேண்டாம் என்று மக்களுக்கு அறிவுரை கூறினார்கள். அப்போது ஒரு பெண்மணி எழுந்து குர்ஆன் வசனத்தைக் காட்டி மறுத்தார் என்ற செய்தி பரவலாக வழங்குகிறது. அதன் அறிவிப்பாளர் தொடரில் ஹதீஸ் கலை அறிஞர்கள் குறை கண்டுள்ளனர். எனினும் மஹருக்கு ஷரீஅத் மேல்வரம்பு விதிக்கவில்லை என்பதில் ஐயமில்லை. மஹர் பெண்ணின் சொத்து. தந்தைக்குப் பொன் சென்ற அன்றைய வழக்கிலும், மணமகனுக்குப் பொன் செல்லும் இன்றைய வழக்கிலும், பெண்ணின் கையில் எதுவும் சேர்வதில்லை. மஹர் ஒன்றே அவள் கையில் சேர்கிறது. குறைக்க வேண்டியவை பந்தலும் மண்டபமும் சீரும் விருந்துமேயன்றி மஹர் அன்று.

கடல் கடந்த நம் சகோதரர்களிடத்திலும் இதற்கொரு சான்றுண்டு. பெண்வீட்டார் மணமகனிடம் கொடுக்கும் கைக்கூலியை, மணமகளின் பயனுக்காகக் கொடுக்கப்படும் பொருள் என்றே இலங்கையின் 1951-ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் வரையறுத்தது. மனைவி காழியிடம் முறையிட்டு அதனைத் திரும்பக் கோரவும் வழி செய்தது. கைக்கூலியை அச்சட்டம் ஒழிக்கவில்லை. ஆனால் அந்தப் பொருள் யாருடையது என்பதை ஏட்டில் எழுதச் செய்தது. எழுதப்பட்டதை மறைப்பது கடினம்.

ஆகவே வீட்டுக்கு வீடு செலவுக் கணக்கு எழுதுவது நன்றே. முதல் வரியில் மஹர். இரண்டாம் வரியில் விருந்தினர் எண்ணிக்கை. பிறகே உணவும் துணியும். கையிலுள்ள பணம் முடியும் இடத்தில் பட்டியலும் முடிய வேண்டும். ஆனால் என் நண்பரின் கணக்கு ஏன் தோற்றது? அதனை அவர் தனியே எழுதினார். தனியே காக்கவும் முயன்றார். கோடு இட்டவர் ஒருவர், அழித்தவர்கள் பலர்.

படைவீட்டார் செய்ததைப் போல் ஒவ்வொரு மஹல்லாவும் கூடிப் பேசட்டும். நிக்காஹ் பள்ளிவாசலில், விருந்து இத்தனை பேருக்கு, கைக்கூலி கேட்கும் திருமணத்திற்குத் தப்தர் கிடையாது, மஹர் மணமகனின் தகுதிக்கேற்ப என்று தீர்மானித்து முத்தவல்லியும் செல்வந்தரும் முதலில் கையெழுத்திடட்டும். ஊரில் வசதி மிக்கவர் தம் மகளின் திருமணத்தை ஐம்பது பேருடன் முடித்தால், ஏழைத் தந்தை ஐம்பது பேருடன் முடிப்பதற்கு வெட்கப்பட மாட்டார். செல்வந்தர் செய்யும் சிக்கனம் ஏழைக்குச் செய்யும் தர்மம். செல்வரை அழைத்து ஏழையை விடும் வலீமாவே உணவில் தீயது என்று நபிமொழி எச்சரிப்பதையும் மறவாதிருப்போம்.

கல்லில் எழுதியதனால் மட்டும் ஒரு வழக்கம் நின்றுவிடாது. எழுதியதைத் தலைமுறைதோறும் காப்பவர் வேண்டும். காவாதபோது பொன் மறுபடியும் ஓடத் தொடங்கும். திசை மட்டுமே மாறியிருக்கும்.

என் நண்பருக்கு இளைய மகள் ஒருத்தி இருக்கிறாள். சென்ற மாதம் அவளுக்கு வரன் வந்திருப்பதாகச் சொல்லிவிட்டு, மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். மீண்டும் ஒரு கணக்கு. முதல் வரியில் மஹர் என்று எழுதி, தொகையை மணமகன் வீட்டார் நிரப்புவதற்காக இடம் விட்டிருந்தார். அடியில் பழையபடியே கோடு இட்டிருந்தார். “போன தடவை நான் ஒத்தையா நின்னேன் ஹஜ்ரத். இந்தத் தடவை ஜமாஅத் என்னோட நிக்குமா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நம் ஜமாஅத்தார் ஒவ்வொருவர் முன்னும் வைக்கிறேன். இம்முறை நூற்றொரு ரூபாய் என்று எழுத என் கை இசையாது. மற்றதற்கு ஊர் விடை சொல்ல வேண்டும். நல்ல விடை சொல்லும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.