மூளைப் படம் கூண்டேறிய வழக்கு

1981 மார்ச் 30, பிற்பகல். வாஷிங்டன் ஹில்டன் ஹோட்டலில் தொழிற்சங்கத்தினரிடம் பேசிவிட்டு வெளியே வந்தார் அமெரிக்க அதிபர் ரொனால்டு ரீகன். காரை எட்டுவதற்குள் ஆறு குண்டுகள் சீறின. ஒன்று ரீகனின் நுரையீரலுக்குள் இறங்கியது. தலையில் குண்டு பாய்ந்த பத்திரிகைச் செயலர் ஜேம்ஸ் பிராடியின் எஞ்சிய வாழ்நாள் சக்கர நாற்காலியிலேயே கழிந்தது.

சுட்டவர் 25 வயது ஜான் ஹிங்க்லி. நடிகை ஜோடி ஃபாஸ்டர் மீது பித்தாகி, அவர் மனத்தில் இடம்பிடிக்கவே அதிபரைக் குறிவைத்தவர்.

1982இல் விசாரணை தொடங்கியபோது, சுட்டது யார் என்பதில் சர்ச்சையே எழவில்லை. சுட்டபோது ஹிங்க்லியின் புத்தி எந்த நிலையில் இருந்தது என்பதுதான் கேள்வி. எதிர்த்தரப்பு ஒரு புதுமையான சாட்சியத்தை நீட்டியது: ஹிங்க்லியின் மூளையின் சி.டி. ஸ்கேன் படம். முதலில் மறுத்த நீதிபதி பாரிங்டன் பார்க்கர், பிறகு அனுமதித்தார். மூளை மடிப்புகளுக்கு இடையிலான பள்ளங்கள் வழக்கத்தைவிட விரிந்திருக்கின்றன, மனச்சிதைவு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இப்படி இருக்கும் என்றார் மனநல மருத்துவர் டேவிட் பேர். அரசுத் தரப்பு மருத்துவர்களோ, அதே படத்தில் கோளாறு எதுவும் தெரியவில்லை என்றார்கள்.

மூன்றில் ஒருவர் என்றால், மீதி இருவருக்குப் பள்ளம் விரியவில்லை. விரிந்தவர்கள் எல்லோரும் துப்பாக்கி தூக்குவதுமில்லை. ஆனால் அன்றைய சட்டப்படி, ஹிங்க்லி தெளிந்த புத்தியோடு இருந்தார் என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கும் சுமை அரசின் தலையில் இருந்தது. சந்தேகத்தைக் கிளப்பினாலே எதிர்த்தரப்புக்குப் போதும். ஜூன் 21 அன்று, 13 குற்றச்சாட்டுகளிலும் 'பித்து நிலை காரணமாகக் குற்றவாளி அல்ல' என்றது ஜூரி. ஸ்கேன் ஒன்றே அந்தத் தீர்ப்பைத் தந்துவிடவில்லை. பல வாரச் சாட்சியங்களில் அதுவும் ஒன்று.

நாடு கொதித்தது. 1984இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, நிரூபிக்கும் சுமையைக் குற்றம் சாட்டப்பட்டவர் தோளுக்கு மாற்றியது. ஹிங்க்லி மனநல மருத்துவமனையில் 30 ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். 2022இல்தான் முழு விடுதலை.

மூளை நோயுற்றிருக்கிறதா என்பதை மருத்துவம் சொல்லலாம். நோயாளியைத் தண்டிப்பது நியாயமா என்பதை மனிதர்கள்தான் முடிவுசெய்ய வேண்டும். அந்தப் பொறுப்பை எந்த ஸ்கேன் கருவியிடமும் ஒப்படைக்கக் கூடாது.

இந்தக் கேள்விக்குச் சட்டம் வகுத்த அளவுகோல், 1843இல் லண்டனில் நடந்த ஒரு கொலையில் பிறந்தது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவுக்கும், இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவுக்கும் வேர் அதுவே. பிரதமருக்கு வைத்த குறியில் அவருடைய செயலாளர் பலியான அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)