போத்தலைத் திருப்பிப் பாருங்கள்: கடைப் பெயரில் விற்கும் சிந்தெற்றிக் ஒயிலை நம்பலாமா?

கடந்த மாரியில் ஒரு சனிக்கிழமை காலை, ஸ்காபரோவில் நான் வேலை செய்யும் கராஜுக்கு ஓர் அண்ணை வந்தார். முல்லைத்தீவுப் பக்கத்தவர். பகலில் தொழிற்சாலை வேலை, இரவில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. காரின் பின்பெட்டியைத் திறந்து, ஒரு பெரிய கடையின் சொந்தப் பெயர் போட்ட 5 லீற்றர் ஒயில் கானை எடுத்து நிலத்தில் வைத்தார்.

"தம்பி, மலிவாக் கிடந்ததெண்டு வாங்கிப்போட்டன். இப்ப பயமாக் கிடக்கு. இதை விட்டா எஞ்சின் போயிடுமோ?"

இந்தக் கேள்வியை நான் மாதத்தில் நாலைந்து தடவையாவது கேட்கிறேன். கேட்பவர்களில் அநேகர் எங்கட ஆட்கள். அவர்களுக்கு அந்தக் கார்தான் இரண்டாவது சம்பளம். எஞ்சின் போனால் வீட்டு வாடகையும் தடுமாறும், ஊருக்குப் போகும் காசும் நின்றுவிடும். ஆகவே இதைச் சின்னக் கேள்வி என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அண்ணைக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பயம் எங்கிருந்து வந்தது

1990 ஜூனில் மீண்டும் யுத்தம் தொடங்கியபின் வடக்குக்கு வந்த பொருளாதாரத் தடையை அனுபவித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பெற்றோல் இல்லை, டீசல் இல்லை, பற்றரி இல்லை, உரம் இல்லை. மோட்டார் சைக்கிளும் காரும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேட்டருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். ஒயிலுக்குப் பதிலாகச் சமையல் எண்ணெய் கலந்து ஓடியவர்களும் உண்டு.

அந்தக் காலத்தில் வலிகாமத்தில் எங்கள் தோட்டக் கிணற்றடியில் ஒரு இறைக்கும் மிசின் இருந்தது. வெங்காயம் நட்டு ஒரு மாதம் இருக்கும். ஐயா தெரிந்த ஒருவரிடம் ஒரு ரின் ஒயில் வாங்கி வந்தார். ரின்னில் இருந்தது உலகம் அறிந்த ஒரு கம்பனியின் பெயர். உள்ளே இருந்ததோ, வாகனங்களில் இருந்து இறக்கிய எரிந்த ஒயிலைத் துணியில் வடித்துத் திரும்ப ஊற்றியது. மூன்றாம் நாள் இறைப்பில் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிக்கொண்டது. மிசினைத் திருத்த உதிரிப்பாகம் கிடைக்கவில்லை. வெங்காயம் வாடியது. அம்மாவின் காப்பு ஒரு சோடி அடைவு கடைக்குப் போனது, திரும்பி வரவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு பாடம்: மலிவு ஒயில் வாங்காதே. ஆனால் இத்தனை வருடம் கராஜில் நின்றபின் யோசித்துப் பார்த்தால், நாங்கள் படித்த பாடம் பிழையானது. ஐயாவை ஏமாற்றியது மலிவு அல்ல. ரின்னில் இருந்த பெரிய பெயரை நம்பித்தான் அவர் ஏமாந்தார். உள்ளே இருப்பதைச் சோதித்து உறுதி சொல்ல அன்று ஒருவரும் இருக்கவில்லை. கடை ஒயிலைப் பார்க்கும்போதும் இதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும்: இதைச் சோதித்தது யார்?

கடை ஒயில் எப்படி உருவாகிறது

வோல்மார்ட்டின் சுப்பர் ரெக், கனேடியன் டயரின் மோட்டோமாஸ்ரர், கொஸ்ற்கோவின் கேர்க்லண்ட் போன்றவை கடைகளின் சொந்தப் பெயர்கள். இந்தக் கடைகள் ஒயில் தயாரிப்பவை அல்ல. ஒயில் கலக்கும் நிறுவனங்களிடம் செய்வித்து, தங்கள் பெயரை ஒட்டி விற்கின்றன.

எந்த எஞ்சின் ஒயிலிலும் இரண்டு பகுதிகள் உண்டு. பெரும்பகுதி அடிப்படை எண்ணெய். மிகுதி, சேர்மானப் பொருட்கள்: தேய்மானத்தைக் குறைப்பவை, கரியைக் கரைத்து வைத்திருப்பவை, துருவைத் தடுப்பவை. இந்தச் சேர்மானங்களை உலகளவில் செய்வதில் முன்னணியில் நிற்பவை நான்கு நிறுவனங்கள்: லூப்ரிசோல், இன்பினியம், அப்டன், செவ்ரோன் ஒரோனைற். பெயர்பெற்ற ஒயிலுக்கும் கடை ஒயிலுக்கும் இந்த வகைப் பொருட்கள் பெரும்பாலும் இதே வாசல்களில் இருந்துதான் போகின்றன. கடை ஒயில் மலிவாக இருப்பதற்கு ஒரு முக்கிய காரணம், அதன் விலையில் தொலைக்காட்சி விளம்பரமும் கார்ப் பந்தயச் செலவும் சேராததுதான்.

"சிந்தெற்றிக்" என்ற சொல்

அடிப்படை எண்ணெய்களை அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனமான ஏபிஐ ஐந்து வகையாகப் பிரிக்கிறது. முதல் இரண்டும் சாதாரணக் கனிம எண்ணெய். மூன்றாவது, மசகு எண்ணெயிலிருந்தே எடுத்து, உயர் அழுத்தத்தில் ஐதரசன் கொண்டு கடுமையாகச் சுத்திகரித்தது. நான்காவது, பிஏஓ எனப்படும், ஆய்வுகூட முறையில் மூலக்கூறு மூலக்கூறாகக் கட்டியது. மற்றவை எல்லாம் ஐந்தாவது.

ஒரு காலத்தில் நான்காம் வகையைத்தான் பலர் உண்மையான சிந்தெற்றிக் என்றார்கள். கஸ்ரோல் தன்னுடைய சிந்தெற்றிக் ஒயிலில் மூன்றாம் வகையைப் பாவித்தபோது மொபில் முறைப்பாடு செய்தது. 1999 இல் அமெரிக்காவின் தேசிய விளம்பரப் பிரிவு கஸ்ரோல் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இன்று வட அமெரிக்காவில் சிந்தெற்றிக் என்று விற்பவற்றில் பெரும்பாலானவை, பெரிய பெயர்கள் உட்பட, மூன்றாம் வகையை அடிப்படையாகக் கொண்டவை.

இதனால் ஒயில் கூடாது என்று அர்த்தமில்லை. 2017 இல் அமெரிக்க வாகன ஓட்டுநர் சங்கமான ஏஏஏ செய்த சோதனைகளில், சிந்தெற்றிக் ஒயில்கள் சாதாரண ஒயில்களைவிடச் சராசரியாக 47 வீதம் மேலாகச் செயற்பட்டன. நான் சொல்ல வருவது, "முழுச் சிந்தெற்றிக்", "பிரீமியம்", "பிளற்றினம்" என்று முன்பக்கத்தில் இருக்கும் சொற்களை வைத்து ஒரு ஒயிலை எடைபோட முடியாது என்பதுதான்.

எதைப் படிக்க வேண்டும்

மூன்று விடயங்களைப் பாருங்கள்.

முதலாவது, தடிப்பு எண். உங்கள் காரின் கைநூலில் 0டபிள்யூ-20 என்றோ 5டபிள்யூ-30 என்றோ இருக்கும். டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கிறது. 0டபிள்யூ ஒயில் மறை 35 பாகையிலும், 5டபிள்யூ மறை 30 பாகையிலும், 10டபிள்யூ மறை 25 பாகையிலும் எஞ்சினைச் சுற்றவிடுமா என்று சோதிக்கப்படுகிறது. இரண்டாவது எண், எஞ்சின் சூடான பிறகு உள்ள தடிப்பு. கைநூல் சொல்வதையே வாங்குங்கள்.

இரண்டாவது, ஏபிஐ முத்திரை. பின்பக்கத்தில் இரண்டு வட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக, உளுந்து வடை போல இருக்கும். மேல் வளைவில் தர எழுத்து, நடுவில் தடிப்பு எண். பெற்றோல் எஞ்சினுக்கு எஸ்பி என்ற தரம் 2020 மே மாதத்திலும், எஸ்க்யூ என்ற தரம் 2025 மார்ச் இறுதியிலும் நடைமுறைக்கு வந்தன. பழைய தரம் கேட்கும் காருக்குப் புதிய தரத்தை விடலாம், மறுவளமாக விடக்கூடாது. சின்ன ரேர்போ எஞ்சின்களில் எரிபொருள் நேரத்துக்கு முன் வெடித்துப் பிஸ்டனை உடைக்கும் பிரச்சினைக்கும், ரைமிங் செயின் தேய்மானத்துக்கும் எஸ்பி தரத்தில் தனிச் சோதனைகள் உண்டு. உரிமம் பெற்ற ஒயில்களின் பட்டியலை ஏபிஐ இணையத்தில் வைத்திருக்கிறது. கடைகளில் போத்தல்களை வாங்கித் திரும்பச் சோதித்தும் பார்க்கிறது. ஐயாவின் ரின்னுக்கு இல்லாமல் போனது இதுதான்.

மூன்றாவது, கார்க் கம்பனியின் சொந்த விதி. ஜெனரல் மோட்டர்ஸ் கார்களுக்கு டெக்சோஸ் முத்திரை வேண்டும். பென்ஸ், பிஎம்டபிள்யூ, வொக்ஸ்வாகன் போன்றவை தனித்தனி அங்கீகார இலக்கங்கள் கேட்கும். "அங்கீகரிக்கப்பட்டது" என்று எழுதியிருப்பதும் "ஏற்றது" என்று எழுதியிருப்பதும் ஒன்றல்ல. முதலாவதைக் கார்க் கம்பனி சொல்கிறது, இரண்டாவதை ஒயில் விற்பவரே சொல்லிக்கொள்கிறார். பல கடை ஒயில்களுக்கு இந்த ஐரோப்பிய அங்கீகாரங்கள் கிடையாது. பழைய பென்ஸ் ஒன்றை ஆசைக்கு வாங்கி வைத்திருப்பவர்கள் இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும்.

வாங்கக் கூடாத கடை ஒயில்

எல்லாக் கடை ஒயிலும் நல்லது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் டொலர் ஜெனரல் என்ற மலிவுக் கடைத் தொடர் தன் பெயரில் விற்ற சில ஒயில்களின் பின்பக்கத்தில், 1988 க்குப் பின் செய்யப்பட்ட பெரும்பாலான கார்களுக்கு இது பொருந்தாது என்று சின்ன எழுத்தில் இருந்தது. இன்னொன்றில் அந்த ஆண்டு 1930. அவை இன்றைய கார்களுக்கான ஒயில்களின் பக்கத்திலேயே அடுக்கப்பட்டிருந்தன. வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். கடைசியில் இழப்பீட்டு இணக்கத்தில் முடிந்தது. இவையும் கடை ஒயில்தான். வித்தியாசம் முழுவதும் பின்பக்கத்தில் இருந்தது.

காசுக் கணக்கு

வழமையான விலையில் 5 லீற்றருக்குப் பத்து, இருபது டொலர் வித்தியாசம் வரும். பெயர்பெற்ற ஒயில் கழிவு விலைக்கு வரும் கிழமையில் அந்த வித்தியாசம் இல்லாமலும் போகும். அப்படியென்றால் அதையே வாங்குங்கள், தவறில்லை.

மிச்சம் பிடிக்கும் காசை என்ன செய்வது என்பதுதான் முக்கியம். நிறுத்தி நிறுத்தி ஓடுவது, குளிரில் குறுந்தூரம் ஓடுவது, எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருப்பது: இதையெல்லாம் கைநூல்கள் "கடும் பாவனை" என்கின்றன. சாப்பாடு கொண்டுபோகும் கார் நூற்றுக்கு நூறு அந்த வகை. அதற்கு ஒயில் மாற்றும் தூரம் குறைவு. விலை கூடிய ஒயிலை விட்டுவிட்டு இரண்டு மடங்கு தூரம் இழுப்பவரின் காரைவிட, முத்திரை உள்ள கடை ஒயிலை நேரத்துக்கு மாற்றுபவரின் கார் கூடக்காலம் ஓடும். நல்ல பில்ரர் போடுங்கள். இரண்டு தடவை பெற்றோல் அடித்தால் ஒரு தடவை ஒயில் அளவு பாருங்கள். நான் பிரித்த எஞ்சின்களில் ஒயிலின் பெயரால் செத்தது ஒன்றையும் காணவில்லை. ஒயில் வற்றிச் செத்தவை நிறைய.

பற்றுச்சீட்டை எறியாதீர்கள். எந்தத் திகதியில், எத்தனை கிலோமீற்றரில் மாற்றியது என்று அதிலேயே எழுதி வையுங்கள். உத்தரவாதத்தில் பிரச்சினை வந்தால் அதுதான் சாட்சி. கைநூல் கேட்பது பொதுவாகத் தரத்தைத்தான், பெயரை அல்ல. அமெரிக்காவில் 1975 ஆம் ஆண்டுச் சட்டப்படி, இலவசமாகத் தராமல் ஒரு குறிப்பிட்ட பெயர் ஒயிலையே பாவி என்று கார்க் கம்பனி கட்டாயப்படுத்த முடியாது.

ஊரில் இருப்பவர்களுக்கு

இங்கிருந்து போகும்போது நல்ல ஒயில் என்று காருக்குரிய 0டபிள்யூ-20 ஐத் தம்பியின் மோட்டார் சைக்கிளுக்குக் கொண்டுபோனவர்களை எனக்குத் தெரியும். அப்படிச் செய்யாதீர்கள். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளச்சும் அதே ஒயிலில் ஊறுகிறது. காருக்கான மெல்லிய, எரிபொருள் மிச்சம் பிடிக்கும் ஒயிலில் கிளச் வழுக்கலாம். மோட்டார் சைக்கிள் ஒயிலில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற குறி இருக்க வேண்டும். உழவு இயந்திரம் போன்ற டீசல் எஞ்சின்களுக்குத் தர எழுத்து எஸ் இல் அல்ல, சி இல் தொடங்கும்.

இலங்கையில் மசகு எண்ணெய் விற்க அரச அனுமதி வேண்டும். இத்துறையைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு கண்காணிக்கிறது. மூடியின் சீல் உடைந்திருந்தால் வாங்க வேண்டாம். பாவித்து முடிந்த கானில் ஒரு ஓட்டை போட்டு எறியுங்கள். வெறும் கானைத் தேடி வாங்கித் திரும்ப நிரப்புகிறவனுக்கு யுத்தமும் ஒன்றுதான், சமாதானமும் ஒன்றுதான்.

அண்ணையின் கானைத் திருப்பிப் பார்த்தோம். எஸ்பி இருந்தது. 5டபிள்யூ-30, கைநூலும் அதையே கேட்டது. வடை முத்திரையும் இருந்தது. விட்டோம். மூடியைப் பூட்டும்போது அவர் கேட்டார், "அப்ப வீணா மற்றதுக்கு இவ்வளவு காலமும் காசு குடுத்தனானோ?"

"அதுவும் நல்ல ஒயில்தான் அண்ணை" என்றேன். "ஆனா போன முறை மாத்தி எவ்வளவு தூரம் ஓடினனீங்கள்?"

அவர் பதில் சொல்லவில்லை. சிரித்தார். கதவில் ஒட்டியிருந்த பழைய ஸ்ரிக்கரைப் பார்த்தேன். ஏழாயிரம் கிலோமீற்றர் பிந்தியிருந்தார். புதிய ஸ்ரிக்கரில் அடுத்த இலக்கத்தைப் பெரிதாக எழுதி ஒட்டினேன்.