கைப்பிடி யார் கையில்?

போன வாரம் பெங்களூரிலிருந்து வந்திருந்த என் பேரன் ஒரு பழைய காணொளியைக் காட்டினான். 2017 நவம்பர் 28 அன்று ஹைதராபாத்தில் நடந்த உலகத் தொழில்முனைவோர் மாநாடு. பிரதமர் மோடியும் அமெரிக்க அதிபரின் மகள் இவாங்காவும் பொத்தானை அழுத்த, 'மித்ரா' என்ற ரோபோ அவர்களை வரவேற்கிறது. அதைச் செய்தது பெங்களூரின் இன்வென்டோ ரோபாட்டிக்ஸ் என்னும் சிறிய நிறுவனம். "இந்த மாதிரி அந்தக் காலத்துல பார்த்திருக்கீங்களா தாத்தா?" என்றான்.

பார்த்ததில்லை, படித்திருக்கிறேன். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது, எங்கள் முசியே வொகான்சோனின் கதையைச் சொன்னார். 1738-ல் பாரிஸில் அவர் ஒரு புல்லாங்குழல் பொம்மையைக் காட்சிக்கு வைத்தார். ஆள் உயரப் பொம்மை. உள்ளே துருத்திகள் காற்றை ஊத, விரல்கள் துளைகளை மூடித் திறக்க, நிஜமாகவே வாசித்தது. சனங்கள் காசு கொடுத்துப் பார்த்தார்கள். அடுத்து ஒரு வாத்து செய்தார். தின்ற தானியத்தை அது செரித்து எச்சமிடுகிறது என்றார்கள். எச்சம் முன்கூட்டியே உள்ளே வைக்கப்பட்டது என்பது நூறு வருஷம் கழித்துத்தான் வெளியே வந்தது! அதே வொகான்சோன் பட்டு நெசவுத் துறைக்கு அதிகாரியானபோது, லியோன் நெசவாளர்கள் அவர்மீது கல்லெறிந்தார்கள். பொம்மைக்குக் கைதட்டலாம், பிழைப்பில் கை வைத்தால்?

இவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் தருமபுரி அடங்கிய பாரமகால் சீமை, 1792 உடன்படிக்கைப்படி கம்பெனிக்குப் போகும்வரை திப்பு சுல்தானிடம் இருந்தது. அவர் அரண்மனையில் ஒரு மரப்புலி. அதன் அடியில் ஒரு வெள்ளைக்காரன். கைப்பிடியைச் சுற்றினால் புலி உறுமும், அடியில் கிடப்பவன் கையைத் தூக்கி அலறுவான். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததும் புலி கப்பலேறியது. 1808 முதல் லண்டனில் கம்பெனி மாளிகையில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். வெற்றியைக் காட்டத் திப்பு வைத்திருந்த பொம்மை, அவர் தோல்வியைக் காட்டும் பொம்மையாயிற்று. புலி மாறவில்லை; கைப்பிடி மாறியது, அவ்வளவே.

மித்ராவுக்கு ஓராண்டு முன்பே, 2016 நவம்பரில், நம் கும்பகோணத்துச் சிட்டி யூனியன் வங்கி சென்னையில் 'லட்சுமி' என்ற ரோபோவை நிறுத்தி, வாடிக்கையாளர் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வைத்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. விசாரணை மேசையில் பல வருஷம் உட்கார்ந்தவன் நான். முதியோர் பென்ஷன் கேட்டு வரும் கிழவி நேராக விஷயத்துக்கு வரமாட்டாள். மகன் கதை, மாட்டுக் கதை சொல்லி, கடைசியில்தான் மடியிலிருந்து காகிதத்தை எடுப்பாள். அதற்குக் காத்திருக்க இயந்திரத்துக்குத் தெரியுமா என்று நினைத்தேன்.

பிறகு 2020 வந்தது. என் அண்ணன் கொரோனா வார்டில் பன்னிரண்டு நாள் கிடந்தார். யாரையும் உள்ளே விடவில்லை. கடைசி வரை அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. சில மாதம் கழித்து ஒரு செய்தி படித்தேன்: நொய்டாவில் ஒரு மருத்துவமனையில் அதே மித்ரா நோயாளிகளின் கட்டிலருகே போய், மார்பிலுள்ள திரையில் அவர்கள் குடும்பத்தாரைக் காட்டிப் பேச வைக்கிறதாம். பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பேரனிடம் இதைத்தான் சொன்னேன்: பொம்மையைப் பார்த்து வாயைப் பிளக்காதே, கல்லும் எறியாதே. கைப்பிடி யார் கையில் இருக்கிறது, யாருக்காகச் சுற்றுகிறார்கள் என்று பார். அவன் தலையாட்டினான். புரிந்ததோ என்னவோ, அண்ணன் படத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான்.