மண்டை ஓட்டைச் சீரமைத்த பின்: குடும்பத்தார் அறிய வேண்டிய சிக்கல்கள்

விபத்தில் தலையில் பலத்த அடிபட்டாலோ, கடுமையான பக்கவாதம் தாக்கினாலோ சிலருக்கு மூளை வீங்கிவிடும். அந்த அழுத்தம் உயிரைப் பறிக்காமல் இருக்க மருத்துவர்கள் மண்டை ஓட்டின் ஒரு பகுதியை அகற்றுவார்கள். வீக்கம் வடிந்த பின், அந்த இடைவெளியை மூடச் செய்யும் அறுவை சிகிச்சையே கிரேனியோபிளாஸ்டி.

அகற்றிய எலும்பை உறைகுளிரிலோ, நோயாளியின் வயிற்றுத் தோலுக்கு அடியிலோ பாதுகாத்து மீண்டும் பொருத்துவது உண்டு. அது இயலாதபோது டைட்டானியம், எலும்பு சிமெண்ட் அல்லது பீக் எனப்படும் உறுதியான பிளாஸ்டிக்கால் செய்த தகடு பொருத்தப்படும்.

ஓட்டையை மூடும் எளிய வேலையாகத் தோன்றினாலும் இதில் சிக்கல்கள் குறைவல்ல. பல ஆய்வுகளில் 100 பேரில் 10 முதல் 40 பேர் வரை ஏதேனும் ஒரு சிக்கலைச் சந்தித்துள்ளனர்.

நோய்த்தொற்று: மிகவும் அஞ்சப்படுவது இதுதான். செயற்கைத் தகட்டுக்குள் இரத்த ஓட்டம் கிடையாது. கிருமிகள் அதன்மேல் படலமாகப் படிந்துவிட்டால் மருந்து சரியாக எட்டாது. பெரும்பாலும் தகட்டையே அகற்றிவிட்டு, தொற்று முழுமையாக நீங்கிய பிறகு மறுபடியும் பொருத்த வேண்டிவரும்.

எலும்பு கரைதல்: சொந்த எலும்பைப் பொருத்தியவர்களுக்கு அது நாளடைவில் கரைந்து தளரலாம். குழந்தைகளிடம் இது அதிகம்.

தகடு வெளியே தெரிதல்: மேலுள்ள தோல் மெலிந்து புண்ணாகி, தகடு வெளிப்படலாம். கதிர்வீச்சு சிகிச்சை பெற்ற தோலில் இதற்கு வாய்ப்பு கூடுதல்.

மற்றவை: தகட்டின் அடியில் இரத்தம் கட்டுதல், வலிப்பு, மூளையில் நீர் தேங்குதல்.

தொற்று அறுவை முடிந்த சில நாட்களில்தான் வரும் என்பதில்லை. மாதங்கள், ஏன் ஆண்டுகள் கழித்தும் வரலாம். ஆகவே தையல் போட்ட இடத்தில் சிவப்பு, வீக்கம், நீர் அல்லது சீழ் கசிவு, காய்ச்சல், தீராத தலைவலி, வாந்தி, வலிப்பு, வழக்கத்துக்கு மாறான தூக்கம் தெரிந்தால் உடனே அறுவை செய்த மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 'சின்னப் புண்தானே' என்று மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் பூசிக் காத்திருப்பது ஆபத்து.

சர்க்கரை நோயைக் கட்டுக்குள் வைப்பதும், புகைப்பழக்கத்தை விடுவதும் காயம் ஆறத் துணைபுரியும். எந்த வகைத் தகடு பொருத்தப்பட்டது என்று குறிப்பிடும் மருத்துவச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும்போது முதலில் கேட்கப்படுவது அதுவே.