கார் கியர்பாக்ஸ்: நேர்ப் பல்லும் சாய்ந்த பல்லும்

காரை ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் 'ம்ம்ங்ங்' என்று ஓர் ஊளைச் சத்தம் வருவதைப் பலரும் கவனித்திருப்பீர்கள். அதே வேகத்தில் முன்னால் போனால் அந்தச் சத்தம் இருக்காது. வண்டியில் கோளாறு ஒன்றும் இல்லை. முன்னால் போவதற்கான கியர்களின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை. ரிவர்ஸ் கியரின் பற்கள் பல கார்களில் நேராக வெட்டப்பட்டவை. சாய்ந்ததற்கு ஹெலிகல் கியர் என்றும் நேரானதற்கு ஸ்பர் கியர் என்றும் பெயர். ஒரு காலத்தில் கார்கள் முன்னால் போகும்போதும் இப்படித்தான் ஊளையிட்டன.

சத்தம் ஏன் வருகிறது? (மெக்கானிக்கல் பிரிவு நண்பர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.) நேர்ப் பல் எதிர்ப் பல்லைத் தொடும்போது அதன் முழு அகலமும் ஒரே சமயத்தில் போய் உட்காருகிறது. ஒரு கணம் ஒரு ஜோடிப் பற்கள் சுமையைத் தாங்கும், அடுத்த கணம் இரண்டு ஜோடி, மறுபடியும் ஒன்று. இந்த ஏற்ற இறக்கம்தான் அதிர்வாகிறது. 20 பற்கள் உள்ள சக்கரம் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால், நொடிக்கு 1000 தடவை இப்படி நடக்கும். 1000 ஹெர்ட்ஸ் என்பது காதுக்கு மிக நன்றாகக் கேட்கும் சத்தம்! சாய்ந்த பல்லில் தொடுகை ஒரு முனையில் தொடங்கி மறுமுனைக்கு நகர்ந்து போகிறது. முந்தைய பல் முழுதாக விடுவதற்குள் அடுத்த பல் பிடித்துக்கொள்கிறது.

இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு அல்ல. சுருள்வில் விதியைச் சொன்ன அதே ராபர்ட் ஹூக், 17-ஆம் நூற்றாண்டிலேயே மெல்லிய பல்சக்கரங்களை அடுக்கி, ஒவ்வொன்றையும் கொஞ்சம் தள்ளி வைத்தால் ஓட்டம் சீராகும் என்று காட்டிவிட்டார். அடுக்குகளை மேலும் மேலும் மெல்லியதாக்கினால் கிடைப்பது சாய்ந்த பல்தான். 1900-களின் தொடக்கத்தில் ஆந்த்ரே சித்ரோயன் பிரான்சில் 'வி' வடிவப் பல்சக்கரங்கள் செய்து விற்றார். பிறகு அவர் தொடங்கிய கார் கம்பெனியின் சின்னமான இரட்டை 'வி' அந்தப் பற்களின் படம்தான்.

அப்புறம் ஏன் அன்றைய கார் கியர்பாக்ஸ்களில் நேர்ப் பற்கள்? பதில் பல்லில் இல்லை, கியர் மாற்றும் முறையில் இருக்கிறது.

1890-களில் பிரான்சின் பனார் - லெவாசோர் கம்பெனி பிரபலமாக்கிய கியர்பாக்ஸில், கியர் மாற்றுவது என்றால் சக்கரத்தையே தண்டின் மேல் தள்ளிக்கொண்டுபோய் இன்னொரு சக்கரத்தோடு கோப்பது. முரட்டுத்தனம்தான், ஆனால் வேலை செய்கிறது என்று எமில் லெவாசோரே சொன்னதாகச் சொல்வார்கள். இரண்டு சக்கரங்களின் வேகமும் பொருந்தாவிட்டால் பல்லோடு பல் அரைபடும். அதனால்தான் கிளட்சை இரண்டு தடவை மிதித்து, நடுவில் ஆக்ஸிலரேட்டரைத் தட்டி வேகத்தைச் சரிசெய்யும் வித்தை ஓட்டுநருக்கு அவசியமாக இருந்தது. இப்படிப் பக்கவாட்டில் வழுக்கி நுழைய நேரான பல்தான் வசதி. சாய்ந்த பல்லை நுழைக்க வேண்டுமானால் திருகாணி மாதிரி சுழற்றிக்கொண்டே தள்ள வேண்டும். ஆக, சக்கரம் நகரும் வரை பல் சாய முடியவில்லை.

இதை மாற்றியது, சக்கரங்களை நகர்த்தாமல் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே விட்டுவிடும் முறை. சக்கரம் தண்டின் மேல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். தேவையான சக்கரத்தைத் தண்டோடு பூட்டுவது மட்டுமே ஒரு சிறு வளையத்தின் வேலை. சக்கரம் நகராதபோது பல்லைச் சாய்ப்பதில் என்ன தடை? 1930-ஐ ஒட்டி பிரிட்டிஷ் கம்பெனிகள் 'சைலண்ட் தேர்டு', அதாவது சத்தமில்லாத மூன்றாவது கியர் என்று பெருமையாக விளம்பரம் செய்தது இதைத்தான். 1928-ல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் எர்ல் தாம்சனின் சிங்க்ரோமெஷ் வந்தது. பூட்டுவதற்கு முன் வேகங்களைச் சமன் செய்யும் வேலையை அது எடுத்துக்கொண்டது. வரலாறு எழுதுபவர்கள் சிங்க்ரோமெஷை மட்டும் கொண்டாடுவார்கள். காதுக்கு நிம்மதி தந்தது நகராத சக்கரம்தான்.

நிம்மதிக்கு விலையும் உண்டு. சாய்ந்த பல் தள்ளும் விசையில் ஒரு பகுதி தண்டின் நீளவாக்கில் போய்விடும். சாய்வு 30 டிகிரி என்றால், சக்கரத்தைச் சுழற்றும் விசையில் சுமார் 58 சதவீத அளவுக்கு இன்னொரு விசை தண்டைப் பக்கவாட்டில் தள்ளும்! அதைத் தாங்கத் தகுந்த பேரிங்குகளும் வளையாத பெட்டியும் வேண்டும். சித்ரோயனின் 'வி' பல்லில் இரண்டு பக்கத் தள்ளலும் ஒன்றையொன்று ரத்துசெய்துவிடும், ஆனால் வெட்டுவதற்குச் செலவு அதிகம்.

1959-ல் வந்த மினி காரில் இந்த இரண்டு காலங்களும் ஒரே பெட்டிக்குள் இருந்தன. மேல் கியர்களுக்கு சாய்ந்த பல்லும் சிங்க்ரோமெஷும். முதல் கியர் மட்டும் நேர்ப் பல், சிங்க்ரோமெஷ் கிடையாது. முதல் கியருக்கும் சிங்க்ரோமெஷ் வந்தது 1968-ல்தான். வேடிக்கை என்னவென்றால், 1964, 1965, 1967 ஆண்டுகளில் மாண்டி கார்லோ ராலியை வென்ற இதே மினி, போட்டிகளுக்காக மற்ற கியர்களிலும் நேர்ப் பல்லுக்குத் திரும்பியது. (1966-ல் முதல் மூன்று இடங்களிலும் வந்து, முகப்பு விளக்குத் தகராறில் தகுதியிழந்தது தனிக்கதை.)

இங்கிருந்துதான் 'நேர்ப் பல்தான் பலமானது, ரேஸ்காரர்களே அதைத்தானே போடுகிறார்கள்' என்ற நம்பிக்கை பரவியது. இது சரியல்ல. ஒரே உலோகம், ஒரே அகலம், ஒரே அளவு என்று வைத்துக்கொண்டால், அதிகப் பற்கள் சுமையைப் பகிர்வதால் சாய்ந்த பல்தான் பொதுவாக அதிகம் தாங்கும். ரேஸில் நேர்ப் பல்லை விரும்பக் காரணங்கள் வேறு. பக்கவாட்டுத் தள்ளல் இல்லை, உராய்வு இழப்பு கொஞ்சம் குறைவு, வேறு வேறு விகிதங்களில் வெட்டுவதும் எளிது. ரேஸ் கியர்கள் உடையாமல் இருப்பதற்கு அவற்றின் உயர்ந்த எஃகும் அகலமும் முக்கியக் காரணம். சட்டென்று கியர் விழுவதற்குக் காரணமும் பல்லின் வடிவம் அல்ல, சிங்க்ரோமெஷ் இல்லாத டாக் வளையங்கள். இது தெரியாமல் ஊருக்குள் ஓட்டும் காருக்கு நேர்ப் பல் செட்டை வாங்கி மாட்டுபவருக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது சத்தம்தான், பர்ஸும் காலி.

ரிவர்ஸ் கியர் மட்டும் பழைய வழக்கத்தை விடவில்லை. மிகக் குறைந்த நேரமே பயன்படுவதால், நடுவில் ஒரு சிறு சக்கரத்தை வழுக்கி நுழைக்கும் லெவாசோர் காலத்து முறையே பல கார்களில் போதுமானதாக இருந்தது. மின்சாரக் காரில் பெரும்பாலும் ரிவர்ஸ் கியரே கிடையாது, மோட்டாரே எதிர்த்திசையில் சுற்றும். இன்ஜின் சத்தம் இல்லாததால் மற்ற கியர்களின் சிறு முனகலும் காதில் விழும் என்று, அங்கே இருப்பவை சாய்ந்த பற்கள். கடைசியில் அந்தக் கார்கள் மெதுவாகப் போகும்போது அளவுக்கு மீறி அமைதியாகி, பாதசாரிகளுக்கு ஆபத்து என்று ஆனது. 2021 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் ஒவ்வொரு புதிய மின்சாரக் காரும் 20 கிலோமீட்டர் வேகம் வரையிலும், ரிவர்ஸ் எடுக்கும்போதும், ஸ்பீக்கர் வைத்துச் செயற்கையாகச் சத்தம் எழுப்பியாக வேண்டும்.